மைனஸ் 20-ல் ஒரு டியூஸை வீட்டுக்குக் கொண்டுவருவது

ஜனவரியில், அமெரிக்க ராணுவம் கழித்து ஏலத்தில் விட்ட லாரியை யார்டிலிருந்து எடுக்கப் போகிறவர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "ஸ்டார்ட் ஆகுமா?" என்பதுதான். ஆகும். பேட்டரி நல்லதாக இருந்து, டீசலும் உறையாமல் இருந்தால் பெரும்பாலும் ஆகிவிடும். ஆள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். யார்டில் இரண்டு வருடம் மழையிலும் பனியிலும் நின்ற வண்டிக்குள் தண்ணீர் புகாத இடமே கிடையாது. பேட்டரி, டீசல் ஃபில்டர், ஏர் டேங்க், சைலன்சர் குழாய், பிரேக் சிலிண்டர், டிரம் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கும். கோடையில் அது சும்மா கிடக்கும். மைனஸ் 20-ல் ஒவ்வொன்றும் ஒரு அடைப்பான் ஆகிவிடும். ஆகவே இந்தப் பதிவு முழுக்கத் தண்ணீரைத் தேடுவது பற்றித்தான்.

இங்கே பேசுவது எம்35ஏ2. இரண்டரை டன், ஆறு சக்கரமும் இழுக்கும் அமெரிக்க ராணுவ லாரி. 'டியூஸ் அண்ட் எ ஹாஃப்' என்பதைச் சுருக்கி எல்லாரும் டியூஸ் என்பார்கள். நம் ராணுவத்தில் ஓடும் அசோக் லேலண்ட் ஸ்டாலியனைப் பார்த்தவர்கள், அதற்கு நீளமான மூக்கு வைத்து, பின்னால் இன்னொரு ஆக்ஸில் சேர்த்து, கூரைக்குத் தார்பாய் போட்டு நினைத்துக்கொள்ளலாம். காலி எடை 13,000 பவுண்டு, அதாவது ஆறு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. 478 கன அங்குல ஆறு சிலிண்டர் மல்டிஃபியூயல் இன்ஜின், 24 வோல்ட் கரண்ட், காற்று தள்ளும் ஹைட்ராலிக் பிரேக். ஏசி போகட்டும், பல வண்டிகளில் ஹீட்டரே கிடையாது. ஹீட்டர் ராணுவத்தில் தனியாக மாட்டும் ஒரு கிட்.

இடத்துக்கு நியூயார்க் மாநிலத்தின் வடக்கில் உள்ள ஃபோர்ட் டிரம் பக்கத்தையே வைத்துக்கொள்வோம். வாட்டர்டவுன் ஊரை ஒட்டிய முகாம், 10-ஆவது மவுண்டன் டிவிஷனின் இருப்பிடம். மேற்கே ஒன்டாரியோ ஏரி. ஏரி மேல் வரும் ஈரக்காற்று தெற்கே டக் ஹில் மேட்டில் ஏறிப் பனியாகக் கொட்டும். சிரக்யூஸ் போகும் ஐ-81 நெடுஞ்சாலை அந்தப் பனிப்பட்டைக்கு ஊடாகத்தான் போகிறது. வாட்டர்டவுனில் வெயில் அடிக்கும், நாற்பது நிமிடத்தில் புலாஸ்கி பக்கம் முன்னால் போகிற வண்டி தெரியாது. வானிலை பார்க்கும்போது கிளம்பும் ஊரை மட்டும் பார்த்துவிட்டுப் போகக்கூடாது.

முதலில் காகிதம், சுருக்கமாக. அமெரிக்க ராணுவம் கழித்த வண்டியை டி.எல்.ஏ. டிஸ்போசிஷன் சர்வீசஸ் என்ற, கழித்த பொருளை அப்புறப்படுத்தும் துறை மூலம் ஏலத்துக்கு விடுகிறார்கள். இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில் எடுத்துக்கொள்ள வேண்டும். வண்டியை என்ன செய்யப் போகிறோம் என்று எழுதிக்கொடுக்கும் எண்ட் யூஸ் சர்டிஃபிகேட் தேவைப்படும் லாட்டுகளுக்கு (லாட் என்றால் ஏலத்தில் ஒன்றாக விடும் சரக்கு), அது தேறிய பிறகுதான் வண்டியைத் தொட விடுவார்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம், அதனால்தான் அக்டோபரில் ஏலம் எடுத்தவர் ஜனவரியில் போய் நிற்கிறார். ஆர்.சி. வாங்க உதவும் எஸ்.எஃப்.-97 என்ற படிவம் வண்டி கைக்கு வந்த பிறகே வரும். சில லாட்டுகள் 'சாலைக்கு அல்ல' என்றே விற்கப்படும். அதற்கு அந்தப் படிவம் வராது, ஏலப் பக்கத்தில் அந்த வரியைப் படிக்காமல் பணம் கட்டியவர்கள் நிறைய. யார்டில் இறங்கியதும் டேஷ்போர்டில் உள்ள தகட்டு நம்பரைக் காகிதத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள். ஒரே மாதிரி பச்சை வண்டி முப்பது நிற்கும் இடத்தில் லாட் ஸ்டிக்கர் மாறுவது அதிசயமில்லை. இன்னொன்று, யார்டுக்குள் ரிப்பேர் வேலை பார்க்க எவ்வளவு அனுமதி என்பதை முந்தைய வாரமே போன் போட்டுக் கேளுங்கள். பேட்டரி மாட்ட விடுவார்கள், ஃபில்டர் திறந்து டீசல் சிந்த விடமாட்டார்கள் என்ற மாதிரி இருக்கும்.

எஸ்.எஃப்.-97 பின்னால்தான் வரும் என்பதால், எடுக்கும் நாளன்றே ஓட்டிவருவதற்குத் தற்காலிகப் பர்மிட்டும் இன்ஷூரன்ஸும் கையில் இருக்க வேண்டும். அது இருந்தாலும்கூட, பழக்கமில்லாத வண்டியை நடுக்குளிரில் முதல் பயணமாக 200 கிலோமீட்டர் ஓட்டுவதைவிட லோபெட், அதாவது தாழ்ந்த தளமுள்ள ட்ரெய்லர் வைத்து ஏற்றி வருவதுதான் நல்லது என்பது என் கட்சி. வாடகைக் காசைப் பார்த்து ஓட்டிவந்து, வழியில் நின்று, ஹெவி ரெக்கவரி வண்டியைக் கூப்பிட்டால் அதைவிட அதிகம் அழ வேண்டிவரும். எதில் கொண்டுவந்தாலும் யார்டில் வண்டியை உயிரோடு எழுப்ப வேண்டும், நிற்க வேண்டும், உருள வேண்டும். அதைத்தான் இனிப் பார்க்கப்போகிறோம்.

பேட்டரியில் தொடங்குவோம். டியூஸுக்கு 12 வோல்ட் பேட்டரி இரண்டு, சீரீஸில். ராணுவ சைஸ் பெயர் 6டிஎல். யார்டில் இருக்கும் பேட்டரியை நம்பி யாரும் போகக்கூடாது. முழு சார்ஜில் இருக்கும் ஆசிட் மைனஸ் 50-ஐத் தாண்டியும் உறையாது. ஆனால் முழுக்க இறங்கிய பேட்டரியில் இருப்பது கிட்டத்தட்ட தண்ணீர், மைனஸ் 10 வருவதற்குள் கட்டியாகிவிடும். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ப்ளேட்டுக்கு மேல் வெள்ளையாகச் சர்பத் ஐஸ் மாதிரி தெரிந்தாலோ, பெட்டியின் பக்கம் உப்பியிருந்தாலோ அதற்கு சார்ஜ் கொடுக்காதீர்கள், ஜம்ப்பும் கொடுக்காதீர்கள். உறைந்த பேட்டரிக்குக் கரண்ட் போனால் வெடிக்கும், ஆசிட் முகத்துக்கு வரும்.

சொந்தமாக இரண்டு பேட்டரி கொண்டுபோங்கள். 6டிஎல் கிடைக்காவிட்டால் லாரிகளுக்கு வரும் குரூப் 31 சைஸ் போதும், ஆனால் திருகு முனை உள்ளதை வாங்காமல் குண்டு முனை உள்ளதை வாங்குங்கள், ராணுவ க்ளாம்ப் அதில்தான் உட்காரும். முந்தைய இரவு முழுக்க சார்ஜ் ஏற்றி, லாட்ஜ் அறைக்குள்ளேயே வைத்திருங்கள். மைனஸ் 18-ல் ஈய பேட்டரியின் செல்ஃப் அடிக்கும் திறன் பாதிக்கும் கீழே போய்விடும். அதே நேரம் கெட்டியான ஆயிலைத் திருப்ப இன்ஜின் இரண்டு மடங்கு கேட்கும். அறைச் சூட்டில் இருந்து எடுத்து, கார் சீட்டில் போர்வை சுற்றிக் கொண்டுபோய், வண்டியில் மற்ற எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசியாக மாட்டினால் பாதி யுத்தம் முடிந்தது.

மாட்டும்போது ஒன்றின் பாசிட்டிவ் மற்றதன் நெகட்டிவுக்கு. மீதி இரண்டு முனையை மீட்டரில் பார்த்தால் 25-க்கு மேல் காட்ட வேண்டும். பாடிக்குப் போகும் எர்த் வயரைக் கடைசியாக மாட்டுங்கள், கழற்றும்போது முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவையும் நெகட்டிவையும் மாற்றி மாட்டினால் ஆல்டர்னேட்டர் அந்த நொடியே போகும். காரிலிருந்து 12 வோல்ட் ஜம்ப் கொடுத்து டியூஸை எழுப்பலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கார் கெட்டுப்போகும், லாரி எழாது. இன்னொரு ராணுவ வண்டி பக்கத்தில் இருந்தால் நேட்டோ ஸ்லேவ் கேபிள் போட்டு எடுக்கலாம், தடிமனான இரண்டு முனை ப்ளக், 24 வோல்ட்டும் அப்படியே வரும். அந்த ப்ளக் வாயிலும் ஐஸ் நிற்கும், குத்தித் துடைத்துவிட்டுச் சொருகுங்கள்.

அடுத்தது டீசல். டேங்க் 50 கேலன். உள்ளே என்ன இருக்கிறது என்பது லாட்டரி. ராணுவம் கடைசியாக ஜே.பி.-8 ஊற்றியிருந்தால் அதிர்ஷ்டம். அது ஜெட் எரிபொருள் வகை, மைனஸ் 47 வரை உறையாது. வெப்பமான மாநிலத்து முகாமிலிருந்து வந்த வண்டியில் கோடை டீசல் இருந்தால் மைனஸ் 10-ஐ ஒட்டி மெழுகு பிரிய ஆரம்பிக்கும், ஃபில்டர் பேப்பரில் வெள்ளையாகப் படிந்து அடைக்கும். ஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மூச்சு வாங்கி நிற்கிற வண்டிக்குப் பெரும்பாலும் இதுதான் நோய். மெழுகு கட்டிய பிறகு சாதாரண குளிர்கால மருந்து ஊற்றிப் பயனில்லை, அது உறையாமல் தடுக்கத்தான். உறைந்ததை இளக்குவதற்குத் தனி மருந்து விற்கிறார்கள், அதில் ஒரு பாட்டில் பெட்டியில் இருக்கட்டும். அந்த ஊர் பங்கில் அன்று விற்கும் குளிர்கால டீசல் பத்து கேலன் கேனில் கொண்டுபோங்கள். கேலனுக்கு எட்டு முதல் பத்து மைல் என்று கணக்கு வைத்தால் சிரக்யூஸ் வரை வந்துவிடலாம். மண்ணெண்ணெய் கலந்தாலும் இந்த இன்ஜின் கோபிக்காது, மல்டிஃபியூயல் என்ற பெயரே அதற்காகத்தான்.

இந்த இன்ஜினில் மூன்று டீசல் ஃபில்டர். ஒவ்வொன்றின் அடியிலும் வடிகால் குழாய். திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். ஒன்றும் வராவிட்டால் டீசல் இல்லை என்று அர்த்தமில்லை, அடியில் தங்கிய தண்ணீர் உறைந்து வாயை அடைத்திருக்கிறது. ஹீட் கன் வைத்து மெதுவாகச் சூடாக்குங்கள். தீப்பந்தம், கேஸ் டார்ச் எல்லாம் வேண்டாம். முதலில் ஒரு 'ப்ளக்' சத்தத்தோடு சின்ன ஐஸ் வில்லை ஒன்று விழும், பிறகு தண்ணீர், அப்புறம் கலங்கல், அதன் பின் தெளிந்த டீசல். தெளிவு வரும் வரை விடுங்கள். பிறகு, பேட்டரி மாட்டியதும் மெயின் சுவிட்சைப் போட்டால் டேங்குக்குள் இருக்கும் எலக்ட்ரிக் பம்ப் முனகுகிற சத்தம் காதில் விழ வேண்டும். ஃபில்டர் தலையில் உள்ள காற்று வால்வைத் திறந்து, நுரை நின்று டீசல் மட்டும் வரும்போது மூடுங்கள். முனகல் கேட்காவிட்டால் டேங்க் மேல் உள்ள கனெக்டரைப் பிடுங்கிச் சுரண்டி மாட்டுங்கள், பத்துக்கு ஏழு தடவை பச்சைக் களிம்புதான்.

சைலன்சர் குழாயை யாரும் பார்ப்பதில்லை. டியூஸில் அது மூக்குப் பக்கம் நட்டுக்குத்தலாக மேலே போகும். உச்சியில் ஒரு ஆடும் மூடி இருக்க வேண்டும். அது உடைந்தோ, துருப்பிடித்துத் திறந்தபடியோ நின்றிருந்தால் இரண்டு வருட மழை நேராக டர்போ வழியாக இறங்கியிருக்கும். வால்வு திறந்திருந்த சிலிண்டருக்குள்ளும் போயிருக்கலாம். டீசல் இன்ஜினில் தண்ணீர் நசுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். மூடி சரியில்லாத வண்டி என்றால், டர்போவிலிருந்து வெளியேறும் குழாயின் க்ளாம்பைத் தளர்த்திப் பாருங்கள். குளிரில் தண்ணீர் சொட்டாது, அதற்குப் பதில் கண்ணாடி மாதிரி ஐஸ் தட்டு ஒன்று குறுக்கே நிற்கும். அப்படித் தெரிந்தால் அன்றைக்கு ஸ்டார்ட் எண்ணத்தை விட்டுவிட்டு லோபெட்டில் விஞ்ச் வைத்து இழுத்து ஏற்றுங்கள்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஹைட்ரோமீட்டர் வைத்து கூலண்ட் பாருங்கள். பாதிக்குப் பாதி கலவை மைனஸ் 37 வரை தாங்கும். தெற்கிலிருந்து வந்த வண்டிகளில் யாரோ வெறும் தண்ணீர் ஊற்றி நிரப்பியிருப்பார்கள். கஞ்சி மாதிரி ஐஸ் மிதந்தால் செல்ஃப் அடிக்கக்கூடாது. வாட்டர் பம்ப் விசிறி உறைந்து நிற்கும்போது பெல்ட்டும் பம்பும்தான் பலி. ப்ளாக் ஏற்கனவே விரிசல் விட்டிருக்கலாம் என்பது வேறு கதை.

இன்ஜின் ஆயில் குச்சியை எடுத்து அளவை மட்டும் பார்க்காமல் மோந்தும் பாருங்கள். அளவு மேல் கோட்டைத் தாண்டி, டீசல் வாசம் வந்தால் பம்ப் பக்கத்திலிருந்து டீசல் ஆயிலில் இறங்குகிறது. பால் கலந்த காபி நிறம் என்றால் தண்ணீர். குச்சியிலிருந்து ஆயில் சொட்டாமல் தேன் மாதிரி நின்றால் சூடாக்காமல் ஸ்டார்ட் பண்ணக்கூடாது. ஆயில் சம்ப்பில் ஒட்டும் காந்த ஹீட்டர் ஒன்று, அதற்கு ஒரு சின்ன ஜெனரேட்டர் என்று கொண்டுபோனால் இரண்டு மணி நேரத்தில் வித்தியாசம் தெரியும். பெரிய மண்ணெண்ணெய் ஊதுகுழல் ஹீட்டரும் நல்லதுதான்: மூக்கைத் தார்பாயால் தரை வரை மூடி, அடியிலிருந்து சூட்டை விடுவது. ஆனால் ஒரு ஆள் தீயணைப்பானோடு அங்கேயே நிற்க வேண்டும். பழைய லாரியின் அடிவயிறு முழுக்க ஆயில் ஊறிய தூசி, அது பற்றும்.

இனி ஸ்டார்ட். டியூஸுக்குச் சாவி கிடையாது. ஒரு சுவிட்ச் திருப்ப வேண்டும், தனியாக ஒரு ஸ்டார்ட் பட்டன் அமுக்க வேண்டும், நிறுத்துவதற்குத் தனியாக ஒரு இழுப்புக் கம்பி. புதிதாக வருபவர்கள் அரை மணி நேரம் செல்ஃப் அடித்துப் பேட்டரியைத் தீர்ப்பதற்கு முதல் காரணம் இந்தக் கம்பிதான். கடைசியாக நிறுத்தியவர் இழுத்துவிட்டுப் போயிருப்பார், கேபிளுக்குள் தண்ணீர் புகுந்து உறைந்து அப்படியே நிற்கும். கைப்பிடி உள்ளே போனாலும் மறுமுனை நகராமல் இருக்கலாம். பானெட்டைத் தூக்கி, பம்ப் அருகில் உள்ள லீவர் உண்மையிலேயே திரும்பி வருகிறதா என்று ஒருவர் பார்க்க, இன்னொருவர் உள்ளிருந்து இழுத்து விட வேண்டும்.

கம்பி வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு, முதலில் அதை இழுத்த நிலையிலேயே வைத்து, கியர் நியூட்ரல், கிளட்சை முழுக்க மிதித்து, பட்டனைத் தட்டித் தட்டி விடுங்கள். இன்ஜின் சுற்றாமல் 'டக்' என்று ஒரே இடத்தில் நின்றால் விட்டுவிடுங்கள், சிலிண்டரில் தண்ணீர். சீராகச் சுற்றினால் ஆயில் பிரஷர் முள் அசையும் வரை பத்து விநாடி சுற்றவிடுங்கள். அப்புறம் கம்பியை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அமுக்கி நிஜமாக அடியுங்கள். ஒரு தடவைக்கு 15 விநாடி, நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. கிளட்ச் மிதிப்பது மறந்துவிடக்கூடாது. இல்லாவிட்டால் கியர்பாக்ஸில் கிரீஸ் மாதிரி கெட்டியான ஆயிலையும் சேர்த்தே செல்ஃப் மோட்டார் கடைய வேண்டியிருக்கும்.

மேனிஃபோல்டில் சுடர் ஹீட்டர் இருக்கும் வண்டியில், செல்ஃப் அடிக்கும்போதே அந்த சுவிட்சைப் பிடிக்க வேண்டும். அது உள்ளே டீசலைத் தூவி நெருப்பு மூட்டி, இழுக்கும் காற்றைச் சூடாக்குகிற ஏற்பாடு. அந்த வண்டியில், குளிரில் ஸ்டார்ட் பண்ண உதவும் என்று விற்கும் ஈதர் ஸ்ப்ரேயை அடித்தால் மேனிஃபோல்டே வெடிகுண்டு. ஹீட்டர் இல்லாத வண்டிக்கும் ஈதர் வேண்டாம். 22-க்கு 1 கம்ப்ரஷன் உள்ள இன்ஜின் அது, பிஸ்டன் ரிங் உடையும். சூடாக்கிய பேட்டரியும் சூடாக்கிய ஆயிலும் செய்யாததை ஈதர் செய்துவிடாது. ஏர் கிளீனர் வாயை மூடும் அளவுக்கு ஒரு பலகைத் துண்டையும் கையருகே வைத்துக்கொள்ளுங்கள். கம்பி மறுபடி உறைந்து இன்ஜின் நிற்க மறுத்தால், காற்றை அடைப்பதுதான் வழி.

பிடித்ததும் வெள்ளைப் புகை மேகமாக வரும், பயப்பட வேண்டாம். ஐடிலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். 1,000 முதல் 1,200 ஆர்.பி.எம்.மில் வைத்தால்தான் சூடு ஏறும். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்துச் சொருகி முக்கால்வாசி மறையுங்கள். காற்றுக் குளிர் எவ்வளவு என்று டிவியில் சொல்வது நம் தோலுக்குத்தான், நிற்கிற வண்டியின் இரும்பு காற்றின் நிஜ வெப்பநிலைக்குக் கீழே போகாது. ஆனால் ஓடும் வண்டியின் ரேடியேட்டரில் அந்தக் காற்று வேலையைக் காட்டும், சூடு முள் எழவே எழாது.

இன்ஜின் ஓடும்போது ஏர் டேங்கில் காற்று ஏறுகிறதா பாருங்கள். காற்று முள் 60 பி.எஸ்.ஐ.யைத் தாண்டும் வரை பஸ்ஸர் கத்திக்கொண்டிருக்கும், காதுக்கு அது ஒரு தண்டனை. சில நிமிடத்தில் 100-ஐத் தாண்ட வேண்டும். ஏறவே இல்லை என்றால் கம்ப்ரஸரைத் திட்டுவதற்கு முன் வண்டியின் பின்னால் போய் ட்ரெய்லருக்குக் காற்று கொடுக்கும் வாய்களைப் பாருங்கள். அதன் அடைப்பு வால்வு திறந்து கிடந்தால் காற்று முழுக்க அந்த வழியே போகும். ஏறிவிட்டால், ஒவ்வொரு ஏர் டேங்கின் அடியிலும் உள்ள வடிகாலைத் திறந்து விடுங்கள். துருக் கலர் கஞ்சி வரும். ஒன்றுமே வராவிட்டால் மறுபடி அதே சந்தேகம்தான்: வாய் உறைந்திருக்கிறது, உள்ளே ஐஸ் இருக்கிறது. கொஞ்ச தூரம் ஓடி, அந்த ஐஸ் இளகி, ஈரம் பைப்புக்குள் போய், பிரேக் பூஸ்டர் வாயில் மறுபடி உறையும்போதுதான் கால் மிதித்தும் வண்டி நிற்காது. ஏர் பிரேக்குக்கென்று விற்கும் ஆல்கஹாலைக் காற்றுப் பக்கம் கொஞ்சம் ஊற்றுவது இதற்காக. அது ஹைட்ராலிக் பக்கம் போகக்கூடாது.

ஹைட்ராலிக் பக்கம் டியூஸின் பலவீனம். மாஸ்டர் சிலிண்டர் ஒரே சர்க்யூட். எங்கேயாவது ஒரு பைப் வெடித்தால் ஆறு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. ராணுவம் ஊற்றுவது டாட் 5 என்ற சிலிகான் பிரேக் ஆயில், புதிதாக ஊதா நிறம். கடையில் விற்கும் டாட் 3-ஐ அதில் கலக்காதீர்கள். சிலிகான் தண்ணீரை உறிஞ்சாது, நல்லதுதான். ஆனால் உள்ளே போன தண்ணீர் கலக்காமல் தாழ்ந்த இடத்துக்குப் போய்த் தங்கும். தாழ்ந்த இடம் என்றால் வீல் சிலிண்டர். பெடலை மிதித்து முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். மெதுவாகக் கீழே இறங்கினால் அந்த வண்டி சாலைக்கு வரக்கூடாது, ட்ரெய்லரில்தான்.

பிரேக் டிரம்மில் லைனர் உறைந்து ஒட்டிக்கொள்வது குளிரில் மட்டும் நடக்கும் தனி வேடிக்கை. உலர்ந்த தார்ச்சாலையில் ஒட்டிய சக்கரம் உடனே தெரியும், வண்டி நகராது. பனியில் தெரியவே தெரியாது. மற்ற சக்கரங்கள் இழுக்க, ஒட்டிய சக்கரம் சுற்றாமல் சறுக்குக்கட்டை மாதிரி கூடவே வழுக்கி வரும். ஓட்டுபவருக்கு ஒரு வித்தியாசமும் இருக்காது. யார்டைத் தாண்டி உலர்ந்த சாலை வந்ததும் டயர் ஒரே இடத்தில் தேய்ந்து கம்பி தெரியும். ஆகவே நகர்த்துவதற்கு முன் வெளிப்பக்கம் தெரியும் ஆறு டயரின் சுவரிலும் மேல்நோக்கி ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். பத்தடி முன்னால் எடுத்து நிறுத்தி, இறங்கிப் பாருங்கள். ஐந்து கோடு திரும்பி, ஒன்று மட்டும் இன்னும் வானத்தைப் பார்த்து நின்றால் அதுதான் ஆள். லோ ரேஞ்சில் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டி, டிரம்மின் விளிம்பில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் பெரும்பாலும் விடும். பட் என்று ஒரு சத்தம் கேட்கும். ரிவர்ஸில் கிளட்சை உதறி விட்டு விடுவிக்கப் பார்த்தால் ஆக்ஸில்தான் முறியும்.

ஐந்து டன் எம்923 எடுக்கப் போகிறவர்களுக்கு இங்கே ஒரு வித்தியாசம். அதில் ஸ்ப்ரிங் பிரேக், காற்று இல்லாவிட்டால் பின் சக்கரங்கள் பூட்டியே இருக்கும். இன்ஜின் ஓடாத வண்டியை ட்ரெய்லரில் இழுத்து ஏற்ற வேண்டுமென்றால் பின் சேம்பர்களில் ஸ்ப்ரிங்கை அமுக்கிப் பிடிக்கும் போல்ட்டைக் கொண்டுபோக வேண்டும், அல்லது வெளியிலிருந்து காற்று கொடுக்க வேண்டும். பேட்டரியும் அதில் நான்கு.

டயரில் காற்று பார்க்கும்போது இரட்டைச் சக்கரத்தின் உள் டயரையும் பாருங்கள். கோடையில் 50 பி.எஸ்.ஐ. வைத்த டயர், 40 டிகிரி குளிர் இறங்கினாலே எட்டு ஒன்பது குறைந்து நிற்கும், அதைக் கசிவு என்று நினைக்க வேண்டாம். ஆனால் தகட்டில் உள்ள அளவில் 80 சதவீதத்துக்கும் கீழே இறங்கிய டயரை வண்டியிலேயே வைத்துக் காற்று அடிக்கக்கூடாது. டியூஸில் இருப்பது பூட்டு வளையம் போட்ட ரிம். வளையம் சரியாக உட்காராமல் அழுத்தம் ஏறினால் பீரங்கிக் குண்டு மாதிரி கிளம்பும், ஆள் செத்திருக்கிறார்கள். கூண்டு உள்ள டயர் கடைக்குத்தான் போக வேண்டும். வீல் நட்டைக் கழற்ற நேர்ந்தால், ஓட்டுநர் பக்கம் இடது மரை என்பதை நினைவில் வையுங்கள். தெரியாமல் நாலடிக் குழாய் போட்டு இறுக்கிக்கொண்டே இருந்து போல்ட்டை முறித்தவர்கள் உண்டு.

ட்ரெய்லரில் ஏற்றினால்: பலகைத் தளத்தில் ஐஸ் இருந்தால் மணல் தூவுங்கள், உப்பு அந்தக் குளிரில் வேலை செய்யாது. 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிக்குக் குறைந்தது நான்கு கட்டு, ஒவ்வொன்றும் 5,000 பவுண்டு வேலைச்சுமை தாங்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. கிரேடு 70 ரகத்தில் 3/8 அங்குலச் சங்கிலி 6,600 பவுண்டு தாங்கும், அது போதும். கட்டி முடித்து இருபது மைலில் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். டயருக்கு அடியில் இருந்த பனி நசுங்கி இறங்கியதும் சங்கிலி தளர்ந்திருக்கும்.

ஓட்டித்தான் வருவேன் என்பவர்களுக்கு. அந்த மூன்று லீவர் லைட் சுவிட்சைப் பகலிலேயே பழகிக்கொள்ளுங்கள். ஒரு லீவரை மேலே தூக்கிப் பிடித்தபடி மற்றதைத் திருப்பினால்தான் ஹெட்லைட் எரியும். இல்லாவிட்டால் எதிரிக்குத் தெரியாத அளவில் எரியும் மினுக்கு விளக்கு மட்டும்தான், பின்னால் வருகிற ட்ரெய்லர்காரனுக்கும் தெரியாது. வைப்பர் காற்றில் ஓடுவது, பிரேக்குக்குப் போகும் அதே காற்று. கண்ணாடியில் ஒட்டி உறைந்த ப்ளேடைக் கையால் விடுவித்த பிறகுதான் திறக்க வேண்டும். உள்பக்கம் நம் மூச்சே உறைபனியாகப் படியும், அதற்குச் சுரண்டி ஒன்று மடியில் இருக்கட்டும், முன் கண்ணாடியை ஒரு விரல் அளவு வெளியே தள்ளிவைத்தால் குறையும். ஆம், குளிரும். அதற்காகக் கேபினுக்குள் கேஸ் ஹீட்டர் வைத்துத் தார்பாயை மூடிக்கொண்டு ஓட்டாதீர்கள், அந்தப் புகைக்கு வாசனை கிடையாது. கியர் லீவர் அடியில் கிழிந்த ரப்பரைப் பழந்துணியால் அடையுங்கள், பாதிக் காற்று அங்கிருந்துதான் வருகிறது. கையில் மெல்லிய நைட்ரைல் உறை, அதன் மேல் கம்பளி உறை. டீசல் நனைந்த கம்பளி உறையோடு மைனஸ் 20-ல் நின்றால் விரல் போய்விடும்.

முதல் பத்து கிலோமீட்டர் கியர் பல்லைக் கடிக்கும், கிளட்சை இரண்டு தடவை மிதித்து மாற்றுங்கள். 2,600 ஆர்.பி.எம். சிவப்புக் கோடு, தட்டையான சாலையில் மணிக்கு 56 மைல்தான் உச்சம், 50-ல் வைத்தால் இன்ஜினுக்கு நல்லது. ஐ-81-ல் எல்லாரும் 65-ல் பறக்கும்போது பனித்தூளுக்குள் 50-ல் போவது ஆபத்து, பக்கத்திலேயே ஓடும் பழைய யு.எஸ். 11 சாலையில் வாருங்கள். ராணுவத்தின் என்.டி.டி. டயரில் (எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரே மாதிரி பல் உள்ள டயர்) உள்ள கட்டைப் பற்கள் சேற்றுக்கு வெட்டியவை. வழுக்கும் ஐஸில் காலி லாரிக்குப் பிடிப்பே இருக்காது. பின் ஆக்ஸில்களுக்கு மேல் அரை டன் மணல் மூட்டை ஏற்றினால் நடத்தையே மாறும்.

பத்து மைலில் நிறுத்தி ஆறு ஹப்பையும் பாருங்கள். வெப்பமானி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பனி சொல்லும். ஐந்து ஹப்பில் பனித்தூள் ஒட்டியபடி இருந்து, ஒன்றில் மட்டும் உருகி ஈரமாகப் பளபளத்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டு வருகிறது, அல்லது பேரிங் போகிறது. மறுபடி ஒரு தடவை ஏர் டேங்கை வடியுங்கள்.

வீடு வந்ததும் கைப்பிரேக் போடாதீர்கள். அது ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், ஜாயிண்ட் ஷாஃப்ட் மேல் உள்ள ஒற்றை டிரம், ஈரத்தோடு இறுக்கினால் காலையில் விடாது. கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். டயர் தரையோடு உறையாமல் இருக்கப் பலகை மேல் ஏற்றி நிறுத்துங்கள். காற்று முழுக்க இறங்கும் வரை எல்லா வடிகாலையும் திறந்து அப்படியே திறந்தபடி விடுங்கள், பேட்டரியைக் கழற்றி உள்ளே கொண்டுபோங்கள், சைலன்சர் வாயில் ஒரு பழைய காபி டப்பாவைக் கவிழ்த்துவையுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சாலை உப்பைக் கழுவுகிற வேலை பூஜ்யத்துக்கு மேல் போகும் பகல் வரும் வரை காத்திருக்கட்டும். இன்றைக்கே ஹோஸைப் பிடித்தால் வடித்த தண்ணீரையெல்லாம் திரும்ப ஊற்றின மாதிரி ஆகிவிடும்.